கறுப்புத் தோல் பூட்ஸ்: ஒரு முன்கள வீராங்கனையின் ஏழு சீசன் அனுபவம்

தொழில்முறைக் கால்பந்தில் பதினாறு சீசன் முன்களத்தில் ஆடினேன். முதல் ஒன்பது சீசன்களில் அணிந்த பூட்ஸுகளை நிறத்தை வைத்தே நினைவுகூர முடியும்: எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு, பிறகு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இளஞ்சிவப்பு. கடைசி ஏழு சீசன்களுக்கும் ஒரே நிறம்தான், கறுப்பு. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேறு வழியில்லாமல் வாங்கிய தோல் பூட்ஸ், முப்பத்துநான்கு வயது வரை என்னை ஆட வைத்தது. வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கும் முன்கள ஆட்டக்காரர்களுக்காக, குறிப்பாகப் பெண்களுக்காக, இதை எழுதுகிறேன்.

எந்த வகையைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். 1982ஆம் ஆண்டு ஸ்பெயின் உலகக் கோப்பையை மனத்தில் வைத்து அடிடாஸ் 1979இல் கொண்டுவந்த கோப்பா முண்டியல்தான் இந்த வகையில் உலகறிந்த பெயர். அதே கட்டமைப்பில் வேறு நிறுவனங்களும் பூட்ஸ் செய்கின்றன. நான் ஏழு ஆண்டுகளில் மூன்று நிறுவனங்களின் ஆறு ஜோடிகளை அணிந்து தேய்த்தேன். கீழே சொல்லும் நிறையும் குறையும் எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியவை அல்ல, மொத்த வகைக்கும் உரியவை. முன்பகுதி மெல்லிய தோல், அதன் மேல் கோடுகோடாகத் தையல். நாடாவுக்கு அடியில் நீளமான நாக்கு. குதிகாலைப் பிடித்து நிறுத்தும் கெட்டியான பின்பகுதி. தரையைப் பிடிக்க அடியோடு சேர்த்து வார்த்த வட்டமான குமிழ்கள், அதாவது ஸ்டட்கள். என் தராசில் ஒற்றைப் பூட்ஸ் 300 கிராமைத் தாண்டியது. அதற்கு முன் நான் அணிந்த வேகப் பூட்ஸுகள் 200 கிராமை ஒட்டியே இருந்தன.

அந்த நூறு கிராம் சின்ன வித்தியாசம் அல்ல. இருபது வயதில் என் வேலையே வேகம்தான். கடைசித் தடுப்பாட்டக்காரரின் தோளுக்கு அருகே நிற்பேன். நடுகளத்தில் இருப்பவர் தலையை நிமிர்த்தும் நொடியில் குறுக்காக ஓடத் தொடங்குவேன். பந்து பின்னால் விழும், ஒரு தொடுதல், கோல்கீப்பரைத் தாண்டி ஓர் உதை. இரண்டாம் சீசனில் நான் அடித்த 17 கோல்களில் பெரும்பாலானவை இந்த ஒரே கோல்தான். பந்து உதைக்கப்படும் நொடியில் கடைசித் தடுப்பாட்டக்காரரை அரை மீட்டர் முந்தியிருந்தால் ஆஃப்சைடு என்று கொடி உயரும், அரை மீட்டர் பிந்தினால் பந்து அவர்களுடையது. 1998 உலகக் கோப்பையில் பிரேசிலின் ரொனால்டோ வெள்ளி, நீலம், மஞ்சள் கலந்த செயற்கை இழைப் பூட்ஸில் ஓடிய பிறகு உலகமே அந்த வகைக்கு மாறியதில் வியப்பில்லை. இடத்தைத் தேடி ஓடுகிற முன்கள ஆட்டக்காரருக்குக் காலில் எதுவும் இருப்பதே தெரியக் கூடாது. அந்த வேலைக்கு அந்தப் பூட்ஸ்தான் சரி. இதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

இருபத்தாறாம் வயதில் ஒரு காய்ந்த திடலில் என் முழங்கால் போனது. எதிரணித் தடுப்பாட்டக்காரர் பந்தை இடப்பக்கம் தட்டுவதுபோல் காட்டி வலப்பக்கம் தட்டினார். அழுத்தம் கொடுக்கப் போன நான் அவரோடு சேர்ந்து திரும்பினேன். உடல் திரும்பியது, கால் திரும்பவில்லை. கத்தி போல நீண்ட ஸ்டட்கள் புல்லின் வேரைக் கவ்விக்கொண்டு நின்றன. என்னை யாரும் தொடவில்லை. முழங்காலுக்குள் ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. முழங்கால் மூட்டைப் பிடித்து நிறுத்தும் ஏ.சி.எல். தசைநார் கிழிந்திருந்தது.

பூட்ஸின் மேல் மட்டும் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தசைநார்க் காயங்களில் பெரும்பகுதி யாரும் மோதாமலேதான் நேர்கிறது. களைப்பு, தொடைத் தசையின் வலு, காலூன்றும் விதம், திடல் என்று பல காரணங்கள் ஒன்றுகூடுகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து இரண்டு, மூன்று மடங்கு அதிகம். 2022 பெண்கள் ஐரோப்பியக் கோப்பையில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வென்ற பெத் மீட், அதே ஆண்டு நவம்பரில் ஆர்சனல் அணிக்காக ஆடும்போது இதே காயத்துடன் வெளியேறினார். அடுத்த மாதம் அதே அணியின் விவியானே மீடமாவும் வீழ்ந்தார். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையை இருவருமே தவறவிட்டார்கள். உலகின் ஆகச் சிறந்த இரண்டு முன்கள வீராங்கனைகள் அவர்கள். 2023இல் ஐரோப்பிய கிளப்கள் சங்கம் வெளியிட்ட ஆய்வில், பூட்ஸால் வலியோ அசௌகரியமோ அனுபவித்ததாகச் சொன்ன வீராங்கனைகள் 82 சதவீதம். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் சுண்டுவிரல் ஓரத்துக் காய்ப்பை என் உடலின் குறையென்று நினைத்தே பத்து ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன்.

பதினொரு மாதங்கள் கழித்துத் திரும்பினேன். ஓட்டத்தின் முதல் அடி பழையபடி இருப்பதாக நேரக் கடிகாரம் சொன்னது. நான்காம், ஐந்தாம் அடிகள் அப்படி இல்லை. முன்பு என் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடியவர்கள் இப்போது என்னோடு சேர்ந்தே பந்தை அடைந்தார்கள். பத்து ஆட்டங்கள் கோல் இல்லை. கோல் வராத நாட்கள் முன்கள ஆட்டக்காரரை என்ன செய்யும் என்பது மற்ற இடங்களில் ஆடுகிறவர்களுக்குப் புரிவது கடினம். உதைக்க வேண்டிய இடத்தில் பந்தைக் கொடுப்போம், கொடுக்க வேண்டிய இடத்தில் உதைப்போம். கோல் கம்பங்களுக்கு இடையே உள்ள 7.32 மீட்டர் சுருங்கிப் போனதாகவே தோன்றும். இரண்டாண்டுத் தடை முடிந்த சில வாரங்களிலேயே 1982 உலகக் கோப்பைக்கு வந்த இத்தாலியின் பாவ்லோ ரோசி முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்கவில்லை. பயிற்சியாளர் என்ஸோ பியர்ஸோட் தொடக்க அணியிலிருந்து அவரை நீக்கவும் இல்லை. ஐந்தாம் ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக மூன்று, அரையிறுதியில் இரண்டு, இறுதியில் ஒன்று. அந்த நான்கு ஆட்டங்களைத்தான் நான் அப்போது திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

தோல் பூட்ஸை நான் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. வட்ட ஸ்டட் உள்ளதாக வாங்கச் சொன்னார் எங்கள் பிசியோதெரபிஸ்ட். அன்று என் அளவில் கிடைத்தது இது ஒன்றுதான்.

முதல் இரண்டு வாரங்கள் சோதனை. தோல் விரியும் என்பதால் அரை அளவு சிறியதாக எடுத்திருந்தேன். அது சரியான முடிவுதான், ஆனால் விரியும் வரை வலிக்கும். தடித்த காலுறை போட்டுக்கொண்டு தினமும் அரை மணி நேரம் வீட்டுக்குள் நடந்தேன். மூன்றாம் வாரத்தில்தான் பயிற்சிக்கு அணிந்து போனேன். ஒருநாள் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தபோது, வலது பூட்ஸின் வெளி ஓரத்தில் என் சுண்டுவிரல் எலும்பு இருந்த இடத்தில் சிறு புடைப்பு. தோல் என் காலுக்கு இடம்விட்டிருந்தது. செயற்கை இழைப் பூட்ஸ் ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அதைச் செய்ததில்லை. அங்கே விட்டுக்கொடுத்தது எப்போதும் என் கால்தான்.

அந்தச் சமயத்தில்தான் பயிற்சியாளர் என் இடத்தை மாற்றினார். இனி பின்னால் ஓட வேண்டாம், கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கிக் கொடு என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அன்றைய பயிற்சியிலேயே புரிந்தது, இது வேறு தொழில். முப்பது மீட்டர் தூரத்திலிருந்து பந்து சீறி வருகிறது. முதுகில் ஒருவரின் முழங்கை. பந்து காலில் பட்டதும் அங்கேயே அடங்க வேண்டும். ஓர் அடி தள்ளிப் போனாலும் அது அவர்களுடையது. இங்கேதான் இந்தப் பூட்ஸ் தன் பெருமையைக் காட்டியது. தோலும் அதற்கடியில் உள்ள மெல்லிய பஞ்சும் பந்தின் வேகத்தைக் குடித்துவிடுகின்றன. செயற்கை இழையில் பந்து பட்டால் தட்டும் சத்தம் வரும். இதில் வருவது அடங்கிய ஒலி. கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம், பந்து நின்றதா துள்ளியதா என்று.

இரண்டாவது, திரும்புதல். முன்காலின் உருண்டைப் பகுதியில் எடையை வைத்து, தோளால் ஒரு பக்கம் சாய்வதுபோல் காட்டி மறுபக்கம் சுழலும்போது வட்ட ஸ்டட் தரையை விட்டுவிடும். பிடித்துக்கொண்டு நிற்காது. காயத்துக்குப் பிறகு எனக்கு மிகவும் தேவைப்பட்டது இதுதான், காலை நம்பித் திரும்பும் தைரியம். மேற்கு ஜெர்மனியின் கெர்ட் முல்லர் அந்நாட்டின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லீகாவில் 427 ஆட்டங்களில் அடித்த 365 கோல்களில் எத்தனை இப்படி ஓரடி இடத்துக்குள் சுழன்று வந்தவை என்று பழைய காட்சிகளைப் பார்த்தால் தெரியும். நீண்ட ஓட்டம் அவருக்குத் தேவைப்படவே இல்லை.

இந்தக் காலத்தில் எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர். 331 சர்வதேச ஆட்டங்கள், 190 கோல்கள். ஆண், பெண் இரு பிரிவிலும் அவரைவிட அதிக சர்வதேச கோல் அடித்தவர் யாருமில்லை. 2012 ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தும் தோற்றவர். பிற்காலத்தில் அவர் முனையிலிருந்து கீழே இறங்கி, நடுகளத்துக்கும் முன்களத்துக்கும் இடையே ஆடினார். டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில், 38 வயதில், பெனால்டி பகுதிக்குள் பந்துக்கு முந்திப் போய்க் காலில் அடிவாங்கி அணிக்குப் பெனால்டி பெற்றுத் தந்தார். உதைத்தது ஜெஸ்ஸி பிளெமிங். பந்தை இளையவரிடம் விட்டு நகர்ந்து நின்ற சின்க்ளேரை நான் மறக்க மாட்டேன். அன்று தங்கம் கனடாவுக்கு. என் கணக்கும் இப்படித்தான் மாறியது. சீசனுக்கு 17 கோல் என்பது எட்டு, ஒன்பது என்று இறங்கியது. ஆனால் மற்றவர்களுக்கு நான் அமைத்துக் கொடுத்த கோல்கள் கூடின. முப்பதைத் தாண்டிய முன்கள வீராங்கனைக்கு ஓராண்டு ஒப்பந்தம்தான் கிடைக்கும். எனக்கு அது நான்கு முறை புதுப்பிக்கப்பட்டது.

உதைப்பதில் எப்படி? உள்பாதத்தால் மூலை பார்த்து வைப்பதற்கு இதைவிட நல்லது நான் அணிந்ததில்லை. காலின் மேற்புறத்தால் முழு வேகத்தில் உதைக்கும்போது நாக்கை நாடாவின் மேல் மடித்துக் கட்டிக்கொண்டால் பந்து சீராகப் படும். கால்நுனியால் குத்துவதற்கு மட்டும் இது ஆகாது. மென்மையான முன்பகுதி விரல்களைக் காப்பாற்றாது. கோல்கீப்பர் காலடியில் விழுமுன் பந்தை நுனியால் தட்டிவிடுவது முன்களத்தின் அன்றாட வேலை என்பதால் இதைக் குறை என்றே சொல்வேன். இரண்டு நகங்கள் எனக்கு அப்படிப் போயின.

மழை இன்னொரு தொல்லை. தோல் நீரைக் குடித்துக் கனக்கும். இடைவேளைக்குப் பிறகு காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஓடுவதுபோல் இருக்கும். சேற்றில் குட்டை வட்ட ஸ்டட் வழுக்கவும் செய்யும். 1954இல் பெர்ன் நகரில் மழையில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு மேற்கு ஜெர்மனி அணியினர் திருகி மாட்டும் நீண்ட ஸ்டட்களோடு இறங்கினார்கள். அதே தேவைக்கு இந்த வகையிலும் திருகு ஸ்டட் வைத்த உடன்பிறப்புகள் உண்டு. ஈரத் திடல்களில் அடிக்கடி ஆடுகிறவர் அதைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். செயற்கைப் புல்லுக்கு இது அறவே வேண்டாம். சிறு ரப்பர்க் குமிழ்கள் நிறைந்த அடியுள்ளதைத் தேடுங்கள். நனைந்த பூட்ஸை அடுப்பருகிலோ வெயிலிலோ காய வைத்தால் தோல் வெடிக்கும். செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். ஓரிரவு போதும்.

பெண்களுக்கு முக்கியமான குறை குதிகால். இந்த அச்சு ஆண்களின் காலுக்காக வடிக்கப்பட்டது. முன்பகுதி எனக்குப் பொருந்தியபோதும் குதிகால் தளர்வாகவே இருந்தது. மெல்லிய காலுறை போட்டு, நாடாவைக் கடைசித் துளையில் வளையமாக்கி மறுபக்கத்து நுனியை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டுவேன். அதோடு சமாளித்தேன். சமாளிக்க வேண்டியிருந்ததே தவறு. இப்போது பெண்களின் காலை அளந்து செய்த பூட்ஸுகள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் வட்ட ஸ்டட்டும் தோலும் சேர்ந்தவை பரவலாகக் கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

ஒரு ஜோடி ஏழாம் மாதத்தில் முன்னடி பிளந்தது. எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. படம் எடுத்து அனுப்பினேன். வழக்கமான தேய்மானம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வாரம் ஐந்து நாள் அணிகிறவருக்கு எது வழக்கம் என்பதை அவர்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாம். பெரிய பெயர்களுக்குப் பூட்ஸ் பெட்டி பெட்டியாக வரும். என் மட்டத்தில் ஆடிய வீராங்கனைகள் சொந்தச் சம்பளத்தில் வாங்கினார்கள். 2019 பெண்கள் உலகக் கோப்பையில் பிரேசிலின் மார்த்தா, ஆண்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவான தொகைக்குத் தன் காலை விளம்பரமாக்க மறுத்து, நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த சமத்துவக் குறி பதித்த கறுப்புப் பூட்ஸை அணிந்தார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக கோல் அடித்துவிட்டு அந்தக் குறியைச் சுட்டிக் காட்டினார். அந்தத் தொடரோடு உலகக் கோப்பைகளில் அவர் கோல்கள் 17. ஆண்கள் உலகக் கோப்பைகளில் ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசா அடித்த 16ஐயும் அவர் தாண்டினார். என் கறுப்புப் பூட்ஸை மாட்டும்போதெல்லாம் அந்தக் காட்சி வரும்.

தோலைப் பற்றி ஒன்று. முன்பு இந்த வகையின் உயர்ந்த ஜோடிகள் கங்காருத் தோலில் வந்தன. பூமாவும் நைக்கியும் 2023இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தன. கங்காருத் தோல், மாட்டுத் தோல் இரண்டையும் அணிந்திருக்கிறேன். மாட்டுத் தோல் சற்றுத் தடிப்பு, பழகுவதற்குக் கூடுதலாக ஒரு வாரம் பிடிக்கும். அதற்குமேல் வித்தியாசம் தெரியவில்லை.

கடைசி இரண்டு சீசன் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கினேன். 2020இல் ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்றங்கள் அனுமதிக்கப்பட்ட பிறகு, வயதான முன்கள ஆட்டக்காரருக்கு இருபது, இருபத்தைந்து நிமிட வேலை ஒன்று உருவானது. கேமரூனின் ரோஜர் மில்லா 1994 உலகக் கோப்பையில் 42 வயதில் ரஷ்யாவுக்கு எதிராக அடித்த கோலும் மாற்றாக வந்து அடித்ததுதான். ஒரு யோசனை: பூட்ஸை ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியிலிருந்தே காலில் வைத்திருங்கள். குளிர்ந்த தோல் விறைக்கும், முதல் தொடுதல் கெடும். மாற்றாக வருகிறவருக்கு முதல் தொடுதலைத் திருத்திக்கொள்ள நேரம் கிடையாது.

இப்போது இளம் முன்கள வீராங்கனைகளுக்குப் பயிற்சி தருகிறேன். அவர்களில் வேகம் மிகுந்தவளுக்கு வயது பத்தொன்பது. என் பூட்ஸை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு அரை அளவு பெரியது. சுவரில் அடித்துத் திரும்பிய பந்தை நான்கைந்து முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, "அக்கா, நானும் இதற்கு மாறிவிடவா?" என்றாள். இப்போது வேண்டாம் என்றேன். அவள் கோல் அடிப்பது கடைசித் தடுப்பாட்டக்காரரின் பின்னால். அங்கே நூறு கிராம் அவளுக்கு எதிராக வேலை செய்யும். ஆனால் அவள் பூட்ஸைத் திருப்பி அடியைக் காட்டச் சொன்னேன். கத்தி ஸ்டட். அடுத்த ஜோடி எவ்வளவு இலேசாகவும் இருக்கட்டும், எந்த நிறமாகவும் இருக்கட்டும், ஸ்டட் மட்டும் வட்டமாக இருக்க வேண்டும் என்றேன். மறு வாரம் ஆரஞ்சு நிறத்தில் வாங்கி வந்து, நான் கேட்பதற்கு முன்பே அடியைத் திருப்பிக் காட்டினாள்.